அவளுடைய பன்னிரண்டு எழுத்து

என் வண்டி நம்பரைக் கேட்டால் ஆர்.சி.யைத் தேடுவேன். அம்மாவின் போன் நம்பர்கூட எனக்கு மனப்பாடம் கிடையாது. ஆனால் ஹாஸ்டலில் என்னோடு ஒரே அறையில் இருந்தவளின் லேப்டாப் முகவரியைத் தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எண்ணும் எழுத்துமாகப் பன்னிரண்டு. அது என்னுடையது அல்ல. அதைத் திருடித்தான் கடைசி வருஷப் படிப்பு முழுக்க ஓட்டினேன்.

கம்ப்யூட்டர் பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. லேப்டாப்பை இன்டர்நெட்டோடு சேர்க்கிற சின்ன கார்டு ஒன்று உள்ளே இருக்கிறது. அது ஃபேக்டரியிலிருந்து வரும்போதே ஒரு முகவரியோடு வரும், வீட்டுக்குக் கதவு எண் மாதிரி. திருப்பதியில் நாங்கள் படித்த கல்லூரியின் ஹாஸ்டல் வைஃபை, பட்டியலில் இருக்கும் முகவரிக்கு மட்டும்தான் வழி விடும். ஆளுக்கு ஒரு லேப்டாப், ஒரு முகவரி, ஒரு நாளைக்கு இவ்வளவு டேட்டா என்று அளவு. அளவு தீர்ந்தால் மறுநாள் வரை சும்மா கிடக்க வேண்டியதுதான்.

அவள் கங்காதர நெல்லூர் பக்கத்து மாந்தோப்புக் குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, எங்கள் கல்லூரிக்கு வந்த பிறகு எல்லாமே இங்கிலீஷ். ஃபாரத்தைக் கண்டாலே அவளுக்கு உதறல். நான் சித்தூர் டவுன்காரி. கான்வென்ட் படிப்பு, வாய் கொஞ்சம் நீளம், கம்ப்யூட்டரில் கை வேகம். எங்கள் மாடியில் இருந்த இருபத்தைந்து பெண்களுக்கும் ஃபாரம் நிரப்பிக் கொடுத்தது நான்தான். அவளுடைய லேப்டாப்பைத் திறந்து, முகவரியைக் கண்டுபிடித்து, வைஃபை ஃபாரத்தில் கட்டம் கட்டமாக எழுதியதும் நான்தான். அதற்குக் கூலியாகக் கேன்டீனில் மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தாள்.

என் டேட்டா தினமும் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். படம், சீரியல், பாட்டு. பெரிய ஆராய்ச்சி ஒன்றும் இல்லை. அவளோ ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம்தான் லேப்டாப்பைத் திறப்பாள். மீதி நேரம் அது அவள் கட்டிலுக்கடியில் பையில் தூங்கும். ஒருநாள் எனக்குத் தோன்றியது: கார்டின் முகவரி ஃபேக்டரியில் எழுதியதாக இருக்கலாம், ஆனால் வெளியே போய் என்ன பெயர் சொல்ல வேண்டும் என்பதை ஆப்பரேட்டிங் சிஸ்டம்தானே தீர்மானிக்கிறது? என் லேப்டாப்பில் ஓடிய லினக்ஸில் அதற்கு மூன்றே வரி. கார்டை இறக்கு. இந்த முகவரியைப் போடு. கார்டை ஏற்று. பட்டியலுக்கு முன்னால் நான் அவள் ஆகிவிட்டேன்.

முதல் நாள் கொஞ்சம் பயம் இருந்தது. ஒரு வாரத்தில் பழகிவிட்டது. ராத்திரி அவள் லேப்டாப்பைத் திறக்கும் நேரத்தில் மட்டும் என்னுடையதை அணைத்துவிடுவேன். தினமும் மூன்று வரி அடிக்கச் சோம்பல்பட்டு, லேப்டாப் ஆன் ஆகும்போதே அவள் முகவரியோடு எழுந்திருக்கும்படி ஒரு சின்ன ஃபைலில் எழுதி வைத்தேன். அந்தச் சோம்பல்தான் எல்லாவற்றுக்கும் மூலம்.

“இன்னாடி, நான் தொறக்கறதுக்குள்ளயே என் நெட்டு பாதி தீந்துபோயிருக்குது?” என்று அவள் ஓரிரு தடவை கேட்டிருக்கிறாள்.

“அப்டேட் ஓடியிருக்கும். விண்டோஸ்னா அப்படித்தான்” என்பேன். நம்பிவிடுவாள். கம்ப்யூட்டர் விஷயத்தில் எங்கள் மாடியில் நான் சொன்னால் சொன்னதுதான்.

கடைசி செமஸ்டரில் பெரிய கம்பெனி ஒன்று வேலைக்கு ஆள் எடுக்க வந்தது. எனக்கு அதற்கு முன்பே வேறொரு கம்பெனியில் வேலை உறுதியாகிவிட்டது. அவளுக்கு அதுவரை எதுவும் அமையவில்லை. இந்தக் கம்பெனியில் முதல் சுற்றைத் தாண்டிவிட்டாள். இரண்டாவது சுற்று ஆன்லைன் தேர்வு, காலை பத்து மணிக்கு, ஹாஸ்டல் ரீடிங் ரூமில் அவரவர் லேப்டாப்பில். கேமராவைப் பார்த்தபடியே எழுத வேண்டும். மூன்று தடவை நெட் அறுந்தால் தேர்வு தானாக மூடிக்கொள்ளும். ஒருவருக்கு ஒரே வாய்ப்பு.

நான் முட்டாள் இல்லை. ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் திண்டாடுவார் என்று எனக்குத் தெரியும். அதனால் தேர்வுக்கு முதல் நாள் சாயந்திரமே மூன்று வரியையும் அடித்து என் சொந்த முகவரிக்குத் திரும்பிவிட்டேன். திரும்பியதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மறுநாள் காலை எழுந்ததும், ராத்திரி அணைக்காமல் விட்டிருந்த லேப்டாப்பில் ஒரு படத்தை இறக்கப் போட்டேன். ஏழு மணி வாக்கில் கரண்ட் போனது. என் லேப்டாப்பின் பேட்டரி செத்து வெகு நாளாகிவிட்டது, அதுவும் அணைந்தது. கரண்ட் வந்ததும் ஆன் செய்து, படத்தை மறுபடி ஓடவிட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். ஆன் செய்தால் அது யாருடைய பெயரோடு எழுந்திருக்கும் என்ற நினைப்பே வரவில்லை. நான் எழுதி வைத்ததை நானே மறந்தேன்.

அதன் பிறகு நான் எங்கே போனேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அலிபிரிக்குப் போனேன். திருப்பதியில் படிக்கிறவர்களுக்கு இது வழக்கம்: யாருக்காவது பரீட்சை என்றால் கூட இருப்பவள் போய், மலையடிவார மண்டபத்தில் சுவாமி பாதத்தைத் தலையில் வைத்துச் சுற்றி வந்து, வெளியே ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வருவாள். எழுதப் போகிறவளுக்கு நேரம் இருக்காதல்லவா. “எனக்காக நீ சுத்திட்டு வாடி” என்று அவள்தான் கேட்டுக்கொண்டாள். உலோகப் பாதுகை நல்ல கனம். அதைத் தலையில் சுமந்து, அவள் பெயரைச் சொல்லி, அந்த வேலை அவளுக்கே கிடைக்க வேண்டும் என்று மனதார வேண்டினேன். அந்த வேண்டுதலில் பொய் இல்லை. நான் சுற்றிக்கொண்டிருந்த அதே நேரத்தில் என் லேப்டாப் அறையில் உட்கார்ந்து அவள் நெட்டைப் பிடுங்கிக்கொண்டிருந்தது.

உடைத்த தேங்காயின் மூடிகளைப் பையில் போட்டுக்கொண்டு பதினொன்றரைக்குத் திரும்பினேன். ரீடிங் ரூம் வாசலில் அவள் அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய அப்பா. பொண்ணுக்குப் பரீட்சை என்று ஒரு பை மாம்பழத்தோடு முதல் பஸ்ஸிலேயே ஊரிலிருந்து வந்திருந்தார்.

“மூணு தபா அறுந்துபோச்சுடி. பதினாலு கேள்விதான் எழுதினேன். மூடிக்கிச்சு. இதுக்கு இன்னா ஆச்சு, கொஞ்சம் பாரேன்.”

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. சார்ஜர் எடுத்துவர அறைக்குப் போனேன். மேஜைமேல் என் லேப்டாப் வெளிச்சமாக இருந்தது. படம் அறுபத்திரண்டு சதவீதத்தில் நின்றிருந்தது. ஏன் நின்றது என்று பார்க்கக் கார்டின் முகவரியைத் திறந்தேன். அவளுடைய பன்னிரண்டு எழுத்து. மூடியைச் சாத்தினேன். வயரையும் பிடுங்கினேன்.

கீழே வந்து அவள் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தேன். ரிப்பேர் செய்ய அதில் ஒன்றுமே இல்லை. என்னுடையதை அணைத்தவுடனே அது சரியாகிவிட்டது. ஆனாலும் பத்து நிமிஷம் அங்கேயும் இங்கேயும் கிளிக் செய்தேன், எதையோ திறந்தேன், எதையோ மூடினேன், ஒருதரம் அணைத்துப் போட்டேன். நெட் வந்துவிட்டது என்று காட்டினேன். சினிமாவில் நடித்தால்கூட அவ்வளவு நன்றாகச் செய்திருக்க மாட்டேன்.

“பாத்தியா நைனா, இவ கை வச்சாதான் சரியாவுது” என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அவர் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். திருப்பதியில் ஒரு கடையில் செகண்ட் ஹேண்டாக அவர்தான் வாங்கிக் கொடுத்தது. “பழசு வாங்கிக் குடுத்தது என் தப்பும்மா” என்றார் அவளிடம். பிறகு என் பக்கம் திரும்பி, “நீ நல்லா இருக்கணும் பாப்பா” என்று சொல்லி மாம்பழப் பையை என் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

இதுவரை நடந்ததைக் கவனக்குறைவு என்று யாராவது மன்னிக்கலாம். இதற்கு மேல் நடந்தது அப்படி இல்லை.

மத்தியானம் அவள் கம்பெனியின் மெயிலை மறுபடி எடுத்துப் படித்தாள். டெக்னிக்கல் கோளாறு என்றால் கல்லூரியிலிருந்து அன்று ஐந்து மணிக்குள் எழுதிக் கொடுத்தால் மறு தேர்வு பற்றி யோசிப்போம் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. அவள் முகம் எவ்வளவு மலர்ந்தது.

“வாடி, நெட்வொர்க் சார்கிட்ட போலாம். அர்ஜி எழுதிக் குடுத்தா அவரு செக் பண்ணிப் பாத்து லெட்டர் குடுப்பாரு.”

அவர் செக் பண்ணிப் பார்ப்பார் என்பதுதான் என் பயம். ஒரே முகவரியில் இரண்டு லேப்டாப் நுழைந்தது பதிவில் அப்படியே இருக்கும். நூல் பிடித்து எங்கள் அறைக்கு வர அவருக்கு அரை மணி போதும். ஹாஸ்டலை விட்டு அனுப்புவார்கள், என் வேலை உத்தரவும் போய்விடும். இதையெல்லாம் யோசிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. என் வாய் அதற்கு முன்னாலேயே பேச ஆரம்பித்திருந்தது.

“போவாதடி. உன் லேப்டாப் பழசுன்னுதான் எழுதுவாரு. காலேஜ் பேர கெடுக்கறியான்னு கத்துவாரு. அடுத்த மாசம் வேற கம்பெனி வருது, அதுல பாத்துக்கலாம்.”

“அப்படின்ற?”

“அப்படித்தான்.”

அவள் கையிலிருந்த தாளை நாலாக மடித்து நோட்டுக்குள் வைத்தாள். ஐந்து மணி ஆனது. அடுத்த மாதம் கம்பெனி எதுவும் வரவில்லை.

அவள் நாயுடுபேட்டையில் ஒரு ஃபேக்டரியில் சேர்ந்தாள். படிப்புக்கும் அந்த வேலைக்கும் சம்பந்தம் இல்லை. பாட்டில் மூடி சரியாக இருக்கிறதா என்று நின்றுகொண்டே பார்க்கிற வேலை. இன்னும் அங்கேதான் இருக்கிறாள். பொய் சொல்லிக் காப்பாற்றிக்கொண்ட என் வேலையையோ நான் இரண்டே வருஷத்தில் பிடிக்கவில்லை என்று விட்டுவிட்டேன். இதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

ஒவ்வொரு வருஷமும் மே மாதம் அவள் அப்பா எங்கள் சித்தூர் வீட்டுக்கு ஒரு பெட்டி பங்கனப்பள்ளி மாம்பழம் கொண்டுவந்து கொடுத்தார். பங்காருபாளையம் மண்டிக்கு முதல் லோடு போகும் முன்பே எனக்கென்று தனியாக எடுத்து வைத்து, வைக்கோல் பரப்பி, சணல் கயிறு கட்டி எடுத்துவருவார். வந்தால் அம்மாவிடம் அதே பேச்சு. “பழச வாங்கிக் குடுத்து என் பொண்ணு பொழப்ப நானே கெடுத்துட்டேன்மா. உங்க பொண்ணுதான் அன்னிக்கு வந்து சரி பண்ணுச்சு.” அந்த நாளுக்குப் பிறகு அவர் பழைய சாமான் எதையும் வாங்குவதில்லையாம். ரிப்பேர் செய்தால் ஓடும் என்ற போர் மோட்டாரையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கினாராம். அம்மா இதைச் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

“வீடு பூரா மணக்குது. நீ மட்டும் ஏன் துன்ன மாட்டேன்ற?”

“சூடும்மா. உடம்புக்கு ஒத்துக்கல” என்பேன். ஐந்து வருஷமாக எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது நான் திருப்பதியிலேயே வேறொரு கல்லூரியில் நெட்வொர்க் பார்க்கிறேன். முகவரிப் பட்டியல் என் கையில். போன மே மாதம் பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரே முகவரியில் இரண்டு லேப்டாப் தென்பட்டது. அரை மணி தேவைப்படவில்லை. இருபது நிமிஷத்தில் அந்தப் பெண்ணை என் மேஜைக்கு முன்னால் நிறுத்திவிட்டேன்.

“அவ யூஸ் பண்ணாத டைம்லதான் மேடம் போட்டேன். அவளுக்கு ஒண்ணும் ஆவல” என்றாள்.

“மொதல்ல போய் அவகிட்ட சொல்லு. நீயா சொல்லு. அப்புறம் என்கிட்ட வா.”

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் பழைய ஹாஸ்டல் தோழி ஊரில் இருக்கிறாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கங்காதர நெல்லூர் பஸ் ஏறினேன். வாசலிலேயே அவள் அப்பா என்னைப் பார்த்துவிட்டார்.

“வாம்மா, வா. நானே நாளைக்கு வரலாம்னு இருந்தேன். உன் பொட்டிய கட்டி வச்சிருக்கறேன், போவும்போது எடுத்துக்கினு போ.” கட்டில்மேல் பெட்டி இருந்தது, சணல் கயிற்றோடு.

அவள் வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் காய் பிரித்துக்கொண்டிருந்தாள். அடிபட்டது ஒரு பக்கம், நல்லது ஒரு பக்கம். எதிரில் உட்கார்ந்தேன். ஊர்க்கதை எதுவும் பேசவில்லை. பேசினால் சொல்லாமல் திரும்பிவிடுவேன் என்று தெரியும். ஃபாரம் நிரப்பியதிலிருந்து ஆரம்பித்து, மூன்று வரி, ஃபைல், கரண்ட் போனது, அறுபத்திரண்டு சதவீதம் வரை சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வைத்துக்கொண்டே இருந்தாள்.

நான் முடித்த பிறகு கேட்டாள். “அதான் சார்கிட்ட போவ வேணாம்னியா?”

“ஆமா.”

“அர்ஜி எழுத ஆரம்பிச்சிட்டேன்டி. பேப்பர்ல பாதி எழுதிட்டேன்.”

அழுதால் அவள் என்னைச் சமாதானம் செய்ய வேண்டியிருக்கும் என்று அழாமல் இருந்தேன். அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“என்கிட்ட சொல்லிட்ட. நைனாகிட்ட சொல்லு.”

அவர் கட்டிலில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கார்டு, முகவரி என்பதெல்லாம் அவருக்கு வேண்டாம். “உங்க பொண்ணு நெட்ட நான் திருடிக்கினு இருந்தேன் நைனா. அதனாலதான் அன்னிக்கு அறுந்துச்சு. லேப்டாப்ல எந்தக் கோளாறும் இல்ல. நான் எதையும் ரிப்பேர் பண்ணல” என்றேன்.

அவர் பெட்டிமேல் வைத்திருந்த கையை எடுத்தார். பிறகு, “மிஷின் நல்ல மிஷின்தானா?” என்றார்.

“நல்ல மிஷின்தான்.”

“பழசுன்றதால இல்ல?”

“இல்ல நைனா.”

எழுந்து உள்ளே போனார். பீரோமேலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துவந்து பிரித்தார். அதே லேப்டாப். தோள்துண்டால் மூடியைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார். “ரெண்டு பேருகிட்ட காட்டித்தான் வாங்கினேன்” என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, மகளைப் பார்த்தும் சொல்லவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

நான் கிளம்ப எழுந்தேன். பெட்டி கட்டிலிலேயே இருந்தது. அவர் எடுத்துக் கொடுக்கவில்லை. நான் அதன் பக்கம் பார்க்கவில்லை.

அவள் பஸ் ஸ்டாப் வரை கூட வந்தாள். பழக்கதோஷமாக வந்தாளா, வேறு ஏதாவது கேட்க வந்தாளா தெரியவில்லை. புளியமரத்தடியில் நின்றோம். பஸ் தூரத்தில் தெரியும்போது கேட்டாள்.

“அன்னிக்கு இன்னா இறக்கிக்கினு இருந்த?”

“படம்.”

“முழுசாவாவது பாத்தியா?”

“இல்ல. அப்புறம் அத தொடவே இல்ல.”

அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாத்திருக்கலாம்” என்றாள். பஸ் வந்து நின்றது. கையைக் காட்டி ஏறச் சொன்னாள், ஏறினேன்.